ஆறாவது நகர்த்தல்

சார், அந்த நீலத்தை எடுக்காதீங்க. எடுத்தீங்கன்னா பின்னாடி சிவப்பு மாட்டிக்கும். மன்னிச்சுக்குங்க, அடுத்தவர் போனை எட்டிப் பாக்கறது தப்புதான். என் பொண்டாட்டி இதைப் பத்தி எனக்கு நிறைய தடவை பாடம் எடுத்திருக்கா. ஆனா இந்த மாதிரி கலர் கலரா வரிசை மாத்தற விளையாட்டைப் பாத்தா என் கண்ணு தானா போயிடுது.

பச்சையை முதல்ல அந்தக் காலிக் கட்டத்துக்குத் தள்ளுங்க. ஆங். இப்ப நீலம். இப்ப சிவப்பு. முடிஞ்சுதா? எத்தனை ஆச்சு? ஏழு. நீங்களா போட்டிருந்தா பதினொண்ணு ஆயிருக்கும். தம்பட்டம் அடிக்கறேன்னு நினைக்காதீங்க. அடிக்கறேன்தான். ஆனா முன்ன மாதிரி இல்ல, போன வாரத்துலேருந்து நிறைய குறைச்சுக்கிட்டேன்.

நீங்க இந்த பஸ்ல எதுவரைக்கும்? அரியலூரா? நல்லதாப் போச்சு. நான் லால்குடியில இறங்கிடுவேன், அப்புறம் ஜன்னலோரம் உங்களுக்குத்தான். மடியில இருக்கறதா? தட்டு சார். எவர்சில்வர் தட்டு. துணி போட்டு மூடியிருக்கேன். வெத்தலை பாக்கு, ரெண்டு முழம் பூ, ஒரு கல்யாணப் பத்திரிகை. என் பையன் எழிலனுக்கு வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம். வெள்ளிக்கிழமை கல்யாணத்தை வச்சுக்கிட்டு இன்னும் பத்திரிகை கொடுத்துட்டுத் திரியறானேன்னு பாக்கறீங்க. இது ரெண்டாவது தடவை கொண்டு போறேன். போன ஞாயித்துக்கிழமை கொண்டு போனேன், வாங்கிக்கல. யாரு வாங்கிக்கலையா? என் சொந்த அக்கா.

என் பேரு கலியபெருமாள். ரயில்வேல ஷண்டிங் மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். ஷண்டிங்னா ரயில் ஓட்டறது இல்ல. யார்டுல வந்து நிக்கற கூட்ஸ் பெட்டிகளைக் கழட்டி, மாட்டி, எது முன்னாடி போகணுமோ அதை முன்னாடி கொண்டாந்து வரிசை பண்றது. சிமெண்டுப் பெட்டி முன்னாடி நிக்கும், அரிசிப் பெட்டி அதுக்குப் பின்னாடி மாட்டியிருக்கும். அரிசி முதல்ல போகணும். என்ன பண்ணுவோம்? சிமெண்டைக் கழட்டி முட்டு லைன்ல ஒதுக்குவோம். முட்டு லைன்னா அந்தப் பக்கம் வழி இல்லாத லைன், சும்மா ஒதுக்கி வைக்கறதுக்குன்னே போட்டது. அரிசியை முன்னாடி கொண்டாருவோம். அப்புறம் சிமெண்டைத் திரும்ப எடுத்தாந்து பின்னாடி மாட்டுவோம். இஞ்சின் ஒரு தடவை போய்ட்டு வந்தா ஒரு நகர்த்தல். எட்டு நகர்த்தல்ல முடியற வேலையை ஏழுல முடிக்கற ஆளுன்னு எனக்கு யார்டுல ஒரு பேரு இருந்துச்சு. அந்தப் பேரை எனக்கு வச்சதே நான்தான்னு சில பேர் சொல்லுவாங்க.

ரிட்டையர் ஆனப்புறம் பெட்டி இல்ல, இஞ்சின் இல்ல. மூளை மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. வீட்டுல ஃப்ரிட்ஜைத் திறந்தா, மாவுப் பாத்திரத்தை எடுக்கறதுக்கு எத்தனை டப்பாவை நகர்த்தணும்னு கணக்குப் போட்டுக்கிட்டு நிப்பேன். கதவு திறந்தே கிடக்கும், பால் கெட்டுப் போகும். செண்பகம், என் பொண்டாட்டி, ஒருநாள் சொன்னா: "என்னங்க, குறைஞ்ச நகர்த்தல் என்ன தெரியுமா? நீங்க இந்த அடுப்படிய விட்டு வெளிய போறதுதான்." ஒரே நகர்த்தல். அதுக்கும் மேல குறைக்க முடியாதுன்னு நானே ஒத்துக்கிட்டேன்.

எனக்கு இருந்த ஒரே கூட்டாளி தவமணி அக்காதான். என்னைவிட ஏழு வயசு மூத்தது. லால்குடியில தனியா இருக்கு. மச்சான் போய் ஒன்பது வருஷம் ஆச்சு. பேப்பரோட ஞாயித்துக்கிழமை ஒரு இணைப்பு வரும், கடைசிப் பக்கத்துல ஒரு புதிர் போடுவான். அது எங்க ரெண்டு பேருக்கும் பழக்கம். அக்கா அங்க போடும், நான் இங்க போடுவேன். காலைல பதினொரு மணிக்கு அக்கா போன் பண்ணும். "கலியா, முடிச்சியா?" அதுதான் முதல் வார்த்தை. நல்லா இருக்கியா, சாப்பிட்டியா எல்லாம் அப்புறம்தான். பாதி ஞாயிறு நான் முடிச்சிருக்க மாட்டேன், முடிச்சுட்டேன்னு சொல்லுவேன். அக்கா உடனே விடையைக் கேக்கும். நான் லைன் சரியில்ல, கேக்கலைன்னு சொல்லிக் கட் பண்ணிட்டு அவசர அவசரமா போட்டுட்டுத் திரும்பக் கூப்பிடுவேன். அக்காவுக்குத் தெரியும். தெரிஞ்ச மாதிரி காட்டிக்காது.

சரி, கதைக்கு வரேன். ஆவணி மாசம் எழிலனுக்கு நிச்சயதார்த்தம். பொண்ணு வீட்டுக்காரங்க மண்டபம் பிடிச்சிருந்தாங்க. எங்க பக்கத்துலேருந்து அஞ்சு தட்டு கொண்டு போறதுன்னு பேச்சு. தட்டு ஒத்தைப்படையில இருக்கணும், உங்களுக்குத் தெரியாததா. மஞ்சள் குங்குமம் முதல்ல போகும், அடுத்து வெத்தலை பாக்கு, அதுக்கடுத்து பூ, அப்புறம் பழம், கடைசில புடவை. எங்க வீட்டு முறை அது. அஞ்சு தட்டுக்கு அஞ்சு பொம்பளைங்க. எழிலன் ஒரே பிடியா நின்னான்: "பூத்தட்டை அத்தைதான் எடுக்கணும்."

அவன் சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்சுது சார். நான் இந்த புருஷன் இல்லாதவங்க முன்ன வரக்கூடாது, தட்டு தொடக்கூடாதுங்கறதெல்லாம் பாக்கறவன் இல்ல. யூனியன் மீட்டிங்ல இதைப் பத்தி மேடை ஏறிப் பேசியிருக்கேன். கை தட்டியிருக்காங்க. அக்காதான் முடியாதுன்னுச்சு. "எதுக்குடா வம்பு. நான் பின்னாடி ஒரு சேர்ல உக்காந்து கண்ணாரப் பாத்துட்டு வந்துடறேன்." நான் விடல. மூணு நாள் போன்ல கெஞ்சினேன், திட்டினேன், நீ வரலைன்னா நிச்சயமே வேணாம்னேன். மூணாவது நாள் அக்கா சரின்னுச்சு. அந்த விசேஷத்துக்குன்னு காப்பிக் கலர்ல ஒரு புடவை எடுத்திருந்துச்சு. என்கிட்டக் காட்டி, "ரொம்பப் பளிச்சுன்னு இருக்கோ?"ன்னு கேட்டுச்சு. சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவுல ஒரு கலர், அது எங்க பளிச்சுன்னு இருக்கும். எனக்கு நெஞ்சை நிமித்திக்கிட்டு நடக்கணும் போல இருந்துச்சு. நடந்தேன்.

அன்னிக்கு வேன் மண்டபத்துக் கேட்டுல நின்னுச்சு. கேட்டுலேருந்து ஹாலுக்கு ஒரு நீள நடை. ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் சேரை அடுக்கி வச்சிருக்கான். ஒருத்தர் தட்டோட நின்னா இன்னொருத்தர் தட்டைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு உடம்பைச் சுருக்கித்தான் தாண்டிப் போகணும். கேட்டை ஒட்டி செருப்பு ஸ்டாண்டு. அதுக்குப் பக்கத்துல ஒரே ஒரு ஆள் நிக்கற மாதிரி ஒரு மூலை. இதை ஏன் இவ்வளவு விவரமா சொல்றேன்னா, நான் அந்த நடையைப் பாத்ததுமே என் மனசுல அது நடையா தெரியல, யார்டா தெரிஞ்சுது. செருப்பு ஸ்டாண்டு மூலை முட்டு லைனா தெரிஞ்சுது. அப்படி ஒரு கேடு கெட்ட மூளை.

பொம்பளைங்க வேன்லேருந்து இறங்கின வரிசையிலயே உள்ள போய் நின்னுட்டாங்க. அக்கா கதவோரம் உக்காந்திருந்ததால அதுதான் முதல்ல இறங்குச்சு. அதனால முன்னாடி பூத்தட்டு. அதுக்கடுத்து புடவை, என் பொண்ணு வச்சிருந்தா. அப்புறம் பழம். அப்புறம் வெத்தலை. கடைசில, கேட்டுப் பக்கம், மஞ்சள் குங்குமம். பழத்தட்டு யாருன்னு கேக்காதீங்க, செண்பகத்துக்கு ஏதோ ஒண்ணுவிட்ட தங்கச்சி. எனக்கு அன்னிக்கு ஆள் யாருமே தெரியல, தட்டுதான் தெரிஞ்சுது. செண்பகம் ஹால் வாசல்ல நின்னு திரும்பிப் பாத்துட்டு, "என்னங்க, வரிசை தப்பா இருக்கு, சீக்கிரம் மாத்துங்க"ன்னு கத்தினா. அவளுக்குப் பக்கத்துல கல்யாணப் பொண்ணோட பெரியப்பா நின்னுக்கிட்டிருந்தார்.

அஞ்சு பேர்ல ஒருத்தர்கூட அவங்க இடத்துல இல்ல. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. நாலு வருஷமா இஞ்சின் சத்தமே கேக்காத மனுஷன். வேன் டிரைவர் பீடியைக் கீழ போட்டுட்டு, "தட்டைக் கைக்குக் கை மாத்தினா ஆச்சே சார், ஆளை எதுக்கு அலைக்கழிக்கறீங்க"ன்னான். நான் அவனை ஒரு பார்வை பாத்தேன். நாங்க பெட்டியைத்தான் நகர்த்துவோம், உள்ள இருக்கற சரக்கைத் தொடறது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல. நிச்சயதார்த்தத்துக்கு எங்க பக்கம் இன்னொரு பேரே தட்டு மாத்தறதுதான் சார். அன்னிக்கு நிஜமா மாத்த வேண்டியிருந்தது தட்டைத்தான். ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சது எனக்குத் தெரியல.

"அக்கா, நீ கொஞ்சம் ஒதுங்கி நில்லு"ன்னேன்.

அக்கா என்னைப் பாத்துச்சு. "எங்கடா?" "அந்தா, செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல." அக்கா தட்டைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நாலு பேரையும் தாண்டிக் கேட்டுப் பக்கம் போச்சு. அது ஒண்ணு. முதல் இடம் காலி. கடைசில நின்ன மஞ்சள் குங்குமத்தை முதலுக்கு அனுப்பினேன், ரெண்டு. அது விட்ட கடைசி இடத்துக்குப் புடவை, மூணு. புடவை விட்ட இடத்துக்கு வெத்தலை, நாலு. வெத்தலை விட்ட இடத்துக்குப் பழம், அஞ்சு. நடுவுல ஒரு இடம் காலி, பூவுக்கு. அதுக்குள்ள ஹால்லேருந்து யாரோ, "வாங்க வாங்க, பத்தரைக்குள்ள தட்டு மாத்தியாகணும்"னு கூப்பிட, நாயனம் வாசிக்க ஆரம்பிக்க, வரிசை நகர்ந்துடுச்சு. நான் முன்னாடி ஓடிட்டேன். மேடைல பாத்தா அஞ்சு தட்டும் வந்திருக்கு. மஞ்சள் குங்குமம், வெத்தலை, பூ, பழம், புடவை. பிசகாத வரிசை. அஞ்சே நகர்த்தல்!

பந்தியில இலை போடறவன்லேருந்து சம்பந்தி வரைக்கும் அதைச் சொன்னேன். சம்பந்தி பாயசத்தைக் கையில வச்சுக்கிட்டு "அப்படியா, அப்படியா"ன்னு கேட்டார். எனக்கு அவர் ரொம்ப நல்ல மனுஷனாத் தெரிஞ்சார்.

அக்கா சாப்பிடாமப் போயிடுச்சுன்னு சாயங்காலம்தான் தெரிஞ்சுது. தலைவலின்னு என் பொண்ணுகிட்ட சொல்லிட்டு பஸ் ஏறியிருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்குப் போன் வரல. நான் புதிரை முடிக்கல, அதனால நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன். அதுக்கடுத்த ஞாயிறும் வரல. நான் கூப்பிட்டா எடுக்கும். "நல்லா இருக்கேன். வேலை இருக்கு, வச்சுடறேன்." அவ்வளவுதான். கலியான்னு கூப்பிடறதே இல்ல.

என்ன கோவம்னு நான் கண்டுபிடிச்ச காரணங்களைக் கேட்டா சிரிப்பீங்க. முதல்ல, சாப்பாட்டுல ஏதோ குறைன்னு நினைச்சேன். அப்புறம், நிச்சயத்துக்கு வச்சுக் கொடுத்த புடவை பிடிக்கலைன்னு நினைச்சு வேற ஒண்ணு வாங்கி அனுப்பினேன். அது பார்சல் பிரிக்காமத் திரும்பி வந்துச்சு. போன்ல சார்ஜ் நிக்கலையோன்னு புது போன் அனுப்பலாமான்னுகூட யோசிச்சேன். செண்பகம், "ஒருநாள் நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்களேன்"னா. இதோ போறேன், இதோ போறேன்னு நாலு மாசம் ஓட்டினேன். பதினொரு மணியானா போனைக் கையில எடுத்து வச்சுக்குவேன், அது மட்டும் நிஜம். யார்டுலேருந்து வந்தப்புறம் வீடு இவ்வளவு அமைதின்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது.

அந்த அமைதியில நான் பண்ணின காரியத்தைக் கேளுங்க. என் அஞ்சு நகர்த்தலை அந்த ஞாயிறு இணைப்புக்கே எழுதி அனுப்பினேன். 'ஐந்து பெண்கள், ஐந்து தட்டுகள், ஒருவர் மட்டும் நிற்க ஒரு மூலை. யாருமே சரியான இடத்தில் இல்லை. குறைந்தபட்ச நகர்த்தல் எத்தனை?' கீழ படம் வரைஞ்சு, பெட்டி போட்டு, 'என் விடை ஐந்து'ன்னு என் பேரையும் பழைய பதவியையும் போட்டேன். மார்கழி மாசம் அச்சுல வந்துச்சு சார்! ஆனா கடைசில ஒரு வரி சேத்திருந்தான்: 'இவர் ஐந்து என்கிறார். வாசகர்கள் என்ன சொல்கிறீர்கள்?' பேப்பர்க்காரனுக்கு என்மேல பொறாமைன்னு நினைச்சுக்கிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு விடை வந்துச்சு. ஆறு. நாப்பது பேருக்கு மேல எழுதியிருக்காங்க, எல்லாரும் ஆறு. அதுல ஒரு கடிதத்தை மட்டும் முழுசா போட்டிருந்தான். மனப்பாடமாவே தெரியும், சொல்றேன் கேளுங்க. 'விடை ஐந்து அல்ல, ஆறு. ஐந்தோடு நிறுத்தினால் ஒதுங்கி நிற்கச் சொன்னவர் ஒதுங்கியேதான் நிற்பார். அவரைத் திரும்பக் கூப்பிடுவது ஆறாவது நகர்த்தல். கலியபெருமாள் அதை மறந்துவிட்டார். ரா. தவமணி, லால்குடி.'

படிச்சுட்டு முதல்ல எனக்குக் கோவம்தான் வந்துச்சு. பூத்தட்டு மேடைக்கு வந்துச்சே! நான் கண்ணால பாத்தேனே! செண்பகத்துகிட்ட பேப்பரை நீட்டினேன். அவ ரெண்டு தடவை படிச்சா. எந்திரிச்சுப் போய் நிச்சயதார்த்த வீடியோவை டிவில போட்டா.

சார், நான் அந்த வீடியோவை அதுவரைக்கும் பாத்தது இல்லைன்னு நினைக்காதீங்க. எட்டு தடவை பாத்திருக்கேன், என் நகர்த்தல் எல்லாம் பதிவாயிருக்கான்னு. அதுல என்னைத்தான் பாத்திருக்கேன். செண்பகம் ஒரு இடத்துல நிறுத்தி, மூலையைக் காட்டினா. வரிசை நகர்ந்து போகுது. அக்கா செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல தட்டோட நின்னு, நான் திரும்புவேன்னு என் முதுகையே பாத்துக்கிட்டிருக்கு. ஹால்லேருந்து ஒருத்தி வேகமா ஓடி வரா, என் கொழுந்தியா. "பூத்தட்டு எங்க, நாலு தட்டாவா போறது"ன்னுக்கிட்டே அக்கா கையிலேருந்து தட்டை வாங்கிக்கிட்டு ஓடறா. தட்டு வந்து சேந்துடுச்சு சார். அந்த டிரைவர் சொன்ன மாதிரி, கைக்குக் கை. அக்காவோட கை மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கு, தட்டு பிடிச்சிருக்கற மாதிரியே. அப்புறம் அந்தக் கையால புடவைத் தலைப்பை இழுத்துப் போத்திக்குது. படத்தோட இந்தக் கோடியில நான் யாருக்கோ அஞ்சு விரலை விரிச்சுக் காட்டிக்கிட்டு நிக்கறேன்.

செண்பகம் அழுதுட்டா. "வரிசை தப்புன்னு கத்தினேன், நிஜம். தட்டைச் சொன்னேங்க. அண்ணியையா சொன்னேன்?" நானும் அவகிட்ட அப்படித்தான் சொன்னேன். நாம தட்டைத்தான் சொன்னோம், அக்கா தப்பாப் புரிஞ்சுக்கிச்சு. ஆறாவது நகர்த்தல் ஒண்ணு விட்டுப் போச்சு, போய்க் கூப்பிட்டா சரியாப் போயிடும். போன ஞாயித்துக்கிழமை தட்டு, பத்திரிகை எல்லாம் எடுத்துக்கிட்டுப் போனேன். சரியா பதினொரு மணிக்கு அக்கா வீட்டு வாசல்ல நின்னேன். நேரத்தைப் பாத்தாவது சிரிக்கும்னு.

அக்கா சிரிக்கல. "உள்ள வா"ன்னுச்சு. நான் தட்டை நீட்டி, "அக்கா, தப்பு என்னோடதுதான். உன்னைத் திரும்பக் கூப்பிட மறந்துட்டேன். அஞ்சு இல்ல, ஆறுதான், ஒத்துக்கறேன்"னேன். அக்கா தட்டை வாங்கல. அடுப்படிக்குப் போய் அஞ்சறைப் பெட்டியைக் கொண்டாந்து மேசை மேல வச்சு, அதுலேருந்து அஞ்சு கிண்ணத்தை எடுத்து வரிசையா வச்சுச்சு. கடுகு, உளுந்து, மிளகு, சீரகம், வெந்தயம். அன்னிக்குத் தட்டு எப்படி நின்னுச்சோ அதே மாதிரி. "கடுகு நான். நீ பண்ணின மாதிரியே போடு."

போட்டேன். கடுகை வெளிய எடுத்து, மத்த நாலையும் அததோட இடத்துக்கு மாத்தி, கடுகைத் திரும்ப நடுவுல வச்சேன். ஆறு.

அக்கா கிண்ணத்தை எல்லாம் பழையபடி வச்சுச்சு. "இப்ப கடுகை விட்டுடு. வெந்தயத்தை வெளிய எடுத்து ஆரம்பி." ஆரம்பிச்சேன். ஆறு. "உளுந்தை எடு." ஆறு. "மிளகு." ஆறு. "சீரகம்." அதுவும் ஆறு. முப்பத்திரெண்டு வருஷம் இதே வேலை பாத்தவன் சார், அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு அது தோணவே இல்ல. யாரை ஒதுக்கினாலும் ஆறுதான் வரும். யார் ஒதுங்கறாங்களோ அவங்க மட்டும் ரெண்டு தடவை நடக்கணும், மத்தவங்க ஒரு தடவை. அவ்வளவுதான் கணக்கு.

"யாரை எடுத்தாலும் ஆறுதானே?"ன்னு அக்கா கேட்டுச்சு.

"ஆறுதான்."

"அப்ப ஏன்டா என்னை எடுத்த?"

நீ முதல்ல நின்ன, அதான்னேன். அக்கா சொல்லுச்சு, "செருப்பு ஸ்டாண்டு கேட்டுகிட்ட இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல நின்னது மஞ்சள் தட்டு. அவளைச் சொல்லியிருந்தா ஒரு எட்டு வச்சுருப்பா. நான் நாலு பேரைத் தாண்டி நடந்தேன்." அக்கா கிண்ணத்தை எல்லாம் பெட்டிக்குள்ள வச்சு மூடுச்சு. "திரும்பக் கூப்பிட மறந்தது பெரிசில்லடா கலியா. நீ மறதிக்காரன்னு எனக்குத் தெரியும். இதுக்கு விடை தெரிஞ்சா வந்து சொல்லு. அப்புறம் பத்திரிகையை வாங்கிக்கறேன்." கலியான்னு கூப்பிட்டுச்சு சார், அஞ்சு மாசத்துக்கு அப்புறம். அது வேற எனக்குத் தாங்கல.

ஒரு வாரம் யோசிச்சேன்னு சொன்னா பொய். விடை அங்கயே தெரிஞ்சுடுச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போதே தெரியும். சொல்லத்தான் வாய் வரல. மேடை ஏறிப் பேசின வாய் இது.

செண்பகம் வரிசை தப்புன்னு கத்தினப்ப நான் முதல்ல தட்டைப் பாக்கல சார். அவளுக்குப் பக்கத்துல நின்ன பொண்ணோட பெரியப்பாவைத்தான் பாத்தேன். அவர் எங்க அக்காவோட நெத்தியைப் பாத்துக்கிட்டு நின்னார். சும்மா பாத்தார், அவ்வளவுதான். ஒருவேளை கண்ணாடி போடாததால உத்துப் பாத்திருக்கலாம், யாருக்குத் தெரியும். முதல்ல போய் அக்கா நிக்குதே, ஏதாவது சொல்லிடுவாங்களோ, பேச்சு வந்துடுமோ. அது ஒரு நொடி. அந்த ஒரு நொடியில கை தானா அக்காவைக் காட்டிடுச்சு. அப்புறம்தான் யார்டு, முட்டு லைன், அஞ்சு நகர்த்தல் எல்லாம். நான் பயந்தேன் சார். வேற ஒண்ணுமில்ல. மூணு நாள் கெஞ்சிக் கூட்டிக்கிட்டு வந்ததும் நான்தான், செருப்பு ஸ்டாண்டுக்கு அனுப்பினதும் நான்தான்.

பாருங்க, சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்லிப் பாத்தா வாய் பழகும்னுதான் ஆரம்பிச்சேன். உங்க போனை எட்டிப் பாத்தது எல்லாம் ஒரு சாக்குத்தான். சரி, பாதி சாக்கு. அந்த நீலத்தை நிஜமாவே முதல்ல எடுக்கக் கூடாது.

செண்பகம் நானும் வரேன்னா. வேணாம்னுட்டேன், நகர்த்தினவன் நான். எழிலனுக்கு இன்னும் தெரியாது. அவன் கல்யாணத்துக்கும் பூத்தட்டு அத்தைதான்னு சொல்லிக்கிட்டிருக்கான். அக்கா வரலைன்னா அவன்கிட்டயும் இதே கதையைச் சொல்லணும். அக்கா வந்துச்சுன்னா எந்த இடத்துல நிக்கணும்னு அக்காவே சொல்லட்டும். முதல்ல நிக்கறேன்னா முதல்ல. மத்தவங்க சுத்தி நகரட்டும், எத்தனை நகர்த்தல் வேணா ஆகட்டும், நான் எண்ணப் போறதில்ல. எண்ணுவேன். வெளிய சொல்ல மாட்டேன்.

லால்குடி வந்துடுச்சு. இருங்க இருங்க, நீங்க எந்திரிக்க வேணாம். காலை மட்டும் கொஞ்சம்... இல்ல, காலும் அப்படியே இருக்கட்டும். இந்தத் தட்டை மட்டும் ஒரு நிமிஷம் பிடிங்க. ரெண்டு கையால, பூ இருக்கு. நான் இப்படிக் கம்பியைப் பிடிச்சுத் தாண்டி வந்துடறேன். ஆங், வந்தாச்சு. இப்ப கொடுங்க. அந்த டிரைவர் சொன்னது சரிதான், எவ்வளவு சுலபமா முடிஞ்சுடுச்சு பாருங்க. முன்னப் பின்ன தெரியாத உங்ககிட்ட ஒதுங்குங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அக்காகிட்ட எப்படி சார் சொன்னேன்?